கயிற்றில் நடந்த பேருந்து

என் பேத்தி மிளகு ஒரு பேருந்தின் கழுத்தில் கயிறு கட்டி, மைதானம் முழுக்க நடத்திக்கொண்டு வந்தாள். கயிறு ஒரு தடவைகூட இறுகவில்லை. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். கண்ணாடி போட்டிருந்தேன், அதனால் நான்கு கண்ணாலும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள். நான் காத்திருக்கிறேன்.

ஆள் சிறிசு, காரம் பெரிசு என்பதால் அவளுக்கு மிளகு என்று பட்டப்பெயர். எங்கள் நாய் ஸ்டெப்னி, பஸ் டெப்போவில் ஒரு பழைய டயருக்குள் பிறந்தது. நான் ஓட்டிய பேருந்தில் என் இருக்கைக்குப் பக்கத்திலேயே வளர்ந்தது. நாங்கள் இருவரும் ஓடிய தூரத்துக்கு நிலாவுக்குப் போய்த் திரும்பி, மறந்து வைத்த குடையை எடுக்க இன்னொரு தடவை போயிருக்கலாம். நான் ஓய்வு பெற்ற அன்று அதுவும் ஓய்வு பெற்று என் பின்னாலேயே வந்துவிட்டது.

கீழ் வீட்டில் இருப்பவர் என் பழைய கண்டக்டர். எங்கள் குடியிருப்பின் செயலாளரும் அவர்தான். அவரைக் கண்டால் ஸ்டெப்னி பாசம் தாங்காமல் மேலே பாயும். அவருடைய சட்டைகள் ஒவ்வொன்றாகக் கிழிந்தன. கடைசியில், அடக்கமில்லாத நாயை டெப்போவிலேயே கொண்டுபோய் விடச் சொல்லிவிட்டார்.

மிளகு அவர் வாசலில் போய் நின்றாள். "ராலி போட்டியில ஸ்டெப்னி ஒழுங்கா நடந்து காட்டினா, இங்கேயே இருக்கலாமா தாத்தா?"

"அதுவா? ஒழுங்காவா?" அவர் சிரித்த சிரிப்பில் பூட்டியிருந்த கதவுகள் திறந்துகொண்டன. "நடந்தா இருக்கட்டும். நடக்கலேன்னா அன்னிக்கு சாயங்காலமே டெப்போ."

ராலி என்பது நாயும் மனிதரும் ஜோடியாக ஆடும் விளையாட்டு. மைதானத்தில் வரிசையாகப் பலகைகள் இருக்கும். ஒன்று 'உட்காரவை' என்னும், ஒன்று 'வலப்பக்கம் திரும்பு' என்னும், இன்னொன்று 'கூம்புகளுக்கு இடையே வளைந்து போ' என்னும். நாயோடு பேசலாம், கொஞ்சலாம், கை தட்டலாம். கயிற்றை மட்டும் இழுக்கக் கூடாது.

ஸ்டெப்னி மிளகின் காலோடு ஒட்டித் திரும்பப் பழகிவிட்டது. ஆனால் 'நில்' என்றாலும் 'உட்கார்' என்றாலும் கொட்டாவிதான் விட்டது. மிளகு யோசித்தாள். வாயாலேயே விசில் அடித்தாள். ஒரு விசிலுக்கு நின்று உட்கார்ந்தது, இரண்டு விசிலுக்குக் கிளம்பியது. பேருந்தில் வளர்ந்த பிள்ளையாயிற்றே.

எல்லாம் சரியாகத்தான் போனது. போட்டி நாள் காலையில் மிளகு பிஸ்கட்டைக் கடித்தாள். ஆடிக்கொண்டிருந்த முன்பல் விழுந்தது. விழுந்த அதிர்ச்சியில் தெருவே ஒரு அடி நகர்ந்தது.

மைதானத்தில் விசில் அடித்துப் பார்த்தாள். 'புஸ்ஸ்' என்று காற்றுதான் வந்தது. ஸ்டெப்னி பஞ்சர் என்று நினைத்துப் படுத்துவிட்டது.

மிளகு அழுவாள் என்று நினைத்தேன். அவளோ, வேடிக்கை பார்க்க வந்திருந்த கண்டக்டரிடம் நேராகப் போனாள்.

"தாத்தா, உங்க விசில் தொலைஞ்சுபோனா பஸ்ஸை எப்படி நிறுத்துவீங்க?"

"வெளிய கையை விட்டு பஸ் மேல தட்டுவேன். ஒரு தட்டுக்கு நிக்கும், ரெண்டு தட்டுக்குப் போகும். எதுக்குக் கேக்கறே?"

அதற்குள் நடுவர் கூப்பிட்டுவிட்டார்.

மிளகு தன் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினாள். ஸ்டெப்னியின் காதுகள் நிமிர்ந்தன. புறப்பட்டது. 'உட்காரவை' பலகையில் ஒரு தட்டு, உட்கார்ந்தது. அவள் அதைச் சுற்றி நடந்து வந்தாள், அது அசையவில்லை. இரண்டு தட்டு, கிளம்பியது. கூம்புகளுக்கு நடுவே அது வளைந்த அழகில், மலைப்பாதையில் முப்பது வருடம் ஓட்டிய எனக்கே பொறாமை வந்தது.

கடைசிப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை பிஸ்கட்டைப் புல்லில் போட்டது. ஸ்டெப்னியின் மூக்கு திரும்பியது. உடம்பும் திரும்பத் தொடங்கியது. கயிறு இறுகப்போகிறது.

மிளகு இழுக்கவில்லை. மெதுவாக ஒரு தட்டு.

நிறுத்தம் வந்தது போல ஸ்டெப்னி நின்றது. உட்கார்ந்தது. பிஸ்கட்டைப் பார்த்து எச்சில் விட்டது, ஆனால் எழவில்லை. இரண்டு தட்டு. எல்லைக்கோட்டைத் தாண்டி வந்துவிட்டார்கள். தேறியதற்கான நாடாவை நடுவர் ஸ்டெப்னியின் கழுத்தில் கட்டினார்.

மிளகு என்னிடம் ஓடி வருவாள் என்று கையை விரித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைத் தாண்டி கண்டக்டரிடம் ஓடினாள்.

"ரொம்ப நன்றி தாத்தா. நீங்க தட்டினதை அது மறக்கவே இல்ல."

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்டெப்னி அவர் மேல் பாய முன்னங்கால்களைத் தூக்கியது. அவர் தன் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். அது காலை இறக்கி, அவர் செருப்பின் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

அத்தனை வருடம் எனக்காகத் தட்டிய கை அது. நான் ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லை. அன்று சொன்னேன். "வயசான காலத்துல எதுக்கு டிரைவரே இதெல்லாம்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

இன்னும் நம்பாதவர்கள் கீழ் வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள். மாலையில் ஸ்டெப்னியை நடத்திக்கொண்டு போகும் வேலையை இப்போது அவர்தான் பார்க்கிறார். ஒரு நாய் அப்படி நடந்ததா என்று கேட்டால், என்னைவிடக் கோபமாகச் சொல்வார்:

"யாருய்யா நாய்னு சொன்னது? பஸ்தான் நடந்துச்சு. நானே பாத்தேன்."