கரும்பலகைக் கிளி

ஆசியாக் கண்டத்திலேயே கரும்பலகையை மிகச் சுத்தமாக அழிக்கத் தெரிந்தவன் ஒரே ஒருவன்தான். அவன் பெயர் கோதண்டம். 1991ஆம் ஆண்டில், ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையோரம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் அவன் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான்.

இந்த உண்மையைக் கண்டுபிடித்து ஊருக்குச் சொன்னவனும் கோதண்டம்தான். ஆசியா என்று ஒரு கண்டம் இருப்பது அவனுக்குப் போன மாதம்தான் தெரிய வந்தது. தெரிந்ததும் உடனே பயன்படுத்திக்கொண்டான்.

அவன் அப்பா மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் வேலை செய்தார். அங்கே மெஷின் துடைக்கிற பனியன் துணியில் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்து மகனிடம் கொடுத்தார். கோதண்டம் அதைச் சுருட்டி, நூலால் இறுக்கிக் கட்டி, சொந்தமாக ஒரு டஸ்டர் செய்துகொண்டான். பள்ளிக்கூடத்து டஸ்டரை அவன் கையாலும் தொடமாட்டான்.

“நாலே இழுப்பு,” என்பான். “கீழ ரெண்டு, மேல ரெண்டு. அப்புறம் ஒரு புள்ளி இருந்தாலும் என் காதை அறுத்துக்கோ.”

இரண்டு காதுகளும் பத்திரமாகவே இருந்தன. அதனால் ஜெயலட்சுமி டீச்சர் அந்த வேலையை அவனிடமே விட்டுவிட்டார்.

டீச்சருக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்கியதும் பலகையில் தேதி எழுதுவார். பிறகு கீழ் மூலையில் சின்னதாக ஒரு கிளி வரைவார். கிளியின் மூக்குக்கு முன்னால் ஒரு வட்டம். கிளி அன்றைக்குச் சொல்ல வேண்டியதை அந்த வட்டத்துக்குள் சொல்லும்.

‘இசைவாணிக்குப் பல் விழுந்துவிட்டது. யாரும் சிரிக்கக் கூடாது. நான் மட்டும் சிரிப்பேன்.’

‘யாக்கோபு வகுத்தல் கணக்கைப் பார்த்து எழுதாமல் தானே போட்டான். எல்லோரும் கை தட்டுங்கள்!’

‘கோதண்டம் இன்று தலை வாரியிருக்கிறான். மழை வரலாம்.’

கிளி சொல்வதைப் படிப்பதற்காகவே பிள்ளைகள் மணி அடிக்கும் முன்பே ஓடி வருவார்கள். சாயங்காலம் கோதண்டம் முதல் இழுப்பிலேயே கிளியை அழிப்பான்.

“டேய், கிளியை மட்டும் விட்டுட்டு அழிடா!” என்று இசைவாணி தினமும் கெஞ்சுவாள்.

“கிளிக்கு ரேஷன் கார்டு கீதா?”

“இல்ல.”

“அப்போ அதுக்கு இங்க இடமில்ல.” சர்ரென்று ஓர் இழுப்பு. கிளி போய்விடும்.

வீட்டிலும் இதே தொல்லைதான். கோதண்டத்தின் தங்கை சின்னப்பொண்ணு நாலாம் வகுப்பு. அவன் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவாள்.

“அண்ணா, இன்னிக்குக் கிளி இன்னா சொல்லிச்சு?”

“சாக்பீஸ் எங்கனா பேசுமா? போய் வேலையைப் பாரு.”

“சொல்லுண்ணா!”

“இந்த வூட்டுல ஒரு அறிவாளி நான்தான். என்னையும் கெடுக்காத.”

சின்னப்பொண்ணு விடமாட்டாள். இசைவாணி வீட்டுக்கு ஓடிப்போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டு வருவாள். அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான். அடுத்த வருடம் ஐந்தாம் வகுப்புக்குப் போக வேண்டும். கிளி ஒரு நாளாவது அவள் பெயரைச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் மாதம் பரீட்சை முடிகிற நேரத்தில் அந்தச் செய்தி வந்தது. ஜெயலட்சுமி டீச்சருக்கு மாற்றல். வாலாஜாபாத்துக்கும் அந்தப் பக்கம் வேறொரு பள்ளிக்கூடம்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எப்படியும் ஒரகடத்துப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகப் போகிறவர்கள். ஆனாலும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். தாங்கள் போகலாம், டீச்சர் போகக் கூடாது என்பது அவர்கள் கட்சி.

அன்றைக்கு சின்னப்பொண்ணு சோறு சாப்பிடவில்லை.

“நான் அஞ்சாவது வர்றப்போ கிளி இருக்காது,” என்றாள். “என் பேரை அது சொல்லவே சொல்லாது.”

“அது வெறும் சாக்பீஸ்,” என்றான் கோதண்டம். வழக்கமாக இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பான். அன்றைக்கு என்னவோ சிரிப்பு வரவில்லை. தன் தட்டில் இருந்த அப்பளத்தை எடுத்து அவள் தட்டில் வைத்தான். அவள் அதையும் சாப்பிடவில்லை.

கடைசி நாள் வந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் கடைசி நாளுக்கு ஒரு முறை இருந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் போகும்போது பலகையைப் புதுசு போல ஆக்கிவிட்டுப் போக வேண்டும். வேலியில் படர்ந்திருக்கும் கோவை இலையைப் பறித்து, அடுப்புக்கரியோடு சேர்த்து அரைத்து, பலகை முழுக்கப் பூசுவார்கள். காய்ந்ததும் பலகை காக்கையின் முதுகு மாதிரி மின்னும். எல்லோரும் சேர்ந்து, எல்லாம் முடிந்த பிறகு, மத்தியானத்தில் செய்கிற வேலை அது.

எல்லோரும் சேர்ந்து செய்தால் கோதண்டத்துக்கு என்ன பெருமை?

அதனால் விடிந்ததுமே தனியாகப் போனான். தனியாக இலை பறித்தான். தனியாக அரைத்தான். வகுப்பில் மற்றவர்கள் வந்து நுழைந்தபோது பலகை கரேலென்று சொட்டச் சொட்ட நின்றது. பக்கத்தில் கோதண்டமும் ஏறக்குறைய அதே நிறத்தில் நின்றான்.

“எப்டி?” என்றான்.

அப்போதுதான் டீச்சர் உள்ளே வந்தார். அன்று பஸ் கொஞ்சம் தாமதம். கையில் புதிதாக ஒரு முழு சாக்பீஸ் வைத்திருந்தார். நேராகப் பலகையின் மூலைக்குப் போய்க் குனிந்தார்.

சாக்பீஸ் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு கோடுகூட விழவில்லை.

டீச்சர் இன்னொரு முறை முயன்றார். சாக்பீஸின் முனை கறுப்பாகிக் கூழாகிவிட்டது.

“டேய் கோதண்டம்!” இசைவாணி கத்தியே விட்டாள். “கடைசிக் கிளிடா! கடைசிக் கிளியை வரையவே வுடாம பண்ணிட்டியேடா!”

“வரையறதுக்கு முன்னாடியே அழிச்சிட்டான்,” என்றான் யாக்கோபு. “ஆசியாவுலயே எவனும் இப்படிச் செஞ்சிருக்க மாட்டான்.”

கோதண்டம் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“பரவாயில்ல, விடுங்க,” என்றார் டீச்சர். ஆனால் சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை. “பன்னெண்டு மணி பஸ்ஸுல நான் கிளம்பணும். அதுக்குள்ள காயாது.”

பிள்ளைகள் பரீட்சை அட்டையை எடுத்து விசிறினார்கள். சிலர் வாயால் ஊதினார்கள். யாக்கோபு ஊதியதில் பலகை இன்னும் கொஞ்சம் ஈரமானது.

கோதண்டம் வெளியே எட்டிப் பார்த்தான். ஏப்ரல் மாத வெயிலில் கண் கூசியது. எதிர் வீட்டு மொட்டை மாடியில் யாரோ வடாம் பிழிந்து காயவைத்திருந்தார்கள்.

“டீச்சர்!” என்றான். “பலகையை வடாம் மாதிரி வெயில்ல போட்டா இன்னா?”

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நிமிடம் மரப்பலகை ஸ்டாண்டிலிருந்து இறங்கியது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து வாசலுக்குத் தூக்கி வந்து இரண்டு பெஞ்சுகளின் மேல் படுக்க வைத்தார்கள்.

வடாம் என்றால் காவல் வேண்டாமா? கோதண்டம் ஒரு குச்சியோடு உட்கார்ந்தான். காக்காய் வந்தது. விரட்டினான். ஒரு கோழி தன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தது. அதையும் விரட்டினான். அது போவதாக இல்லை. சுற்றிச் சுற்றி வந்தது. கோதண்டமும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

தலைமை ஆசிரியர் சுப்பிரமணி சார் வெளியே வந்து பார்த்தார்.

“என்னடா இது?”

“பலகை சார். காயுது சார்.”

“காஞ்சதும் எண்ணெயில போட்டுப் பொரிப்பியா?”

டீச்சர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பூவரச மரத்து நிழலில் டீச்சர் கீழேயே உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். யாக்கோபு பாட்டுப் பாடினான். இசைவாணி வாயைத் திறந்து, விழுந்த பல் முளைத்துவிட்டதைக் காட்டினாள். வகுப்புக்குள் இருந்திருந்தால் இத்தனை பேச்சு பேசியிருக்க மாட்டார்கள்.

பலகை காய்ந்தது. அப்படி ஒரு கறுப்பை அந்தப் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை.

டீச்சர் மூலையில் கிளியை வரைந்தார். புதுக் கறுப்பில் கிளி பளிச்சென்று பால் மாதிரி தெரிந்தது. வட்டத்தையும் போட்டார். பிறகு அப்படியே நின்றார்.

வட்டம் காலியாக இருந்தது. டீச்சர் ஒரு முறை தொண்டையைச் செருமினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். இசைவாணியின் உதடு கோணியது. இன்னும் ஒரு நொடி போனால் மொத்த வகுப்பும் ஓவென்று அழுதுவிடும் போலிருந்தது.

“டீச்சர்,” என்றான் கோதண்டம் மிக அக்கறையாக. “கிளிக்குத் தொண்டை கட்டிக்கிச்சு போல. வெந்நீர் குடுக்கலாமா?”

டீச்சர் சிரித்தார். சிரித்துக்கொண்டே புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கடகடவென்று வட்டத்துக்குள் எழுதினார்.

‘போய் வருகிறேன், கண்ணுகளா. கோதண்டம், இன்றைக்கு மட்டும் மெதுவாக அழி.’

எல்லோரும் கோதண்டத்தைப் பார்த்தார்கள். அவன் டஸ்டரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். அது அவனுக்குப் புது அனுபவம்.

பன்னிரண்டு மணி பஸ் வந்தபோது வகுப்பு முழுவதும் சாலையோரம் நின்றது. டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்து கையை ஆட்டினார். பிள்ளைகளும் கையை ஆட்டினார்கள். கோதண்டம் டஸ்டரை ஆட்டினான். கிளம்பிய தூசியில் பஸ் கண்ணில் படாமலே போய்விட்டது. இசைவாணி மட்டும் நிறைய தும்மினாள்.

பலகையை மீண்டும் உள்ளே தூக்கி வைத்தார்கள். இசைவாணி வாசலிலேயே நின்றாள்.

“அழி, பார்க்கலாம். நாலே இழுப்பு.”

“நீ போ. தூசி பறக்கும். உனக்கு மறுபடியும் தும்மல் வரும்.”

கோதண்டம் கதவைச் சாத்திக்கொண்டான். நேரம் போனது. இன்னும் போனது. சாவிக்கொத்தோடு வந்த சுப்பிரமணி சார் கதவைத் தட்டினார்.

“என்னடா பண்ற? நாலே இழுப்புன்னு ஊரெல்லாம் சொல்லிகிட்டுத் திரிஞ்ச?”

“புதுசாப் பூசின பலகை சார். பார்த்துதான் அழிக்கணும்.”

ஒருவழியாக வெளியே வந்தான். விரல் நுனியெல்லாம் வெள்ளையாக இருந்தது. சார் அறையைப் பூட்டினார்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. கோதண்டம் இப்போது பெரிய பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு. முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சின்னப்பொண்ணு பொரிகடலை தின்றுகொண்டிருந்தாள். அண்ணனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கோதண்டம் தண்ணீர் குடித்தான். பையை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றி வைத்தான்.

“வகுப்பு எப்டி கீது?”

“நல்லா கீது. பழனிவேல்னு புது சார் வந்துகீறாரு.”

“பலகை?”

“சூப்பரா கீது. மூலையில மட்டும் யாரோ ஒரு கோழியை வரைஞ்சு வச்சிகீறாங்க.”

“கோழியா? அது கிளி!”

சின்னப்பொண்ணு பொரிகடலையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

“உனக்கு எப்டிண்ணா தெரியும்?”

கோதண்டம் மறுபடியும் தண்ணீர் குடித்தான். தாகம் இல்லை.

“அந்தக் கோழி, ‘வா சின்னப்பொண்ணு, உனக்காகத்தான் காத்திருந்தேன்’னு சொல்லிச்சு,” என்றாள் அவள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது. “சார் படிச்சிட்டு, யாரு சின்னப்பொண்ணுன்னு கேட்டாரு. நான் எழுந்து நின்னேன். இனிமே தினமும் கிளியைப் பேச வைக்கிறது என் வேலைன்னு சொல்லிட்டாரு.”

“சாக்பீஸ் எங்கனா பேசுமா,” என்றான் கோதண்டம். ஆனால் குரலில் பழைய பலம் இல்லை.

மறுநாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியவன் ஓட்டமும் நடையுமாக வந்தான். வாசலில் ஒரு செருப்பைத்தான் கழற்றியிருந்தான். உள்ளே அம்மா இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தான். இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“சின்னப்பொண்ணு, இன்னிக்குக் கிளி இன்னா சொல்லிச்சு?”