சுஹறாவின் கிணற்றுச் சிவப்பு

1956 மாரி. மருதமுனையில் மூன்று நாள் மழை விட்ட காலையில் சுஹறா கிணற்றில் வாளி விட்டாள். மேலே வந்தது செக்கச்செவேலென்ற தண்ணீர்.

கல்முனையிலிருந்து பொலிஸ் சார்ஜன் புண்ணியமூர்த்தி வந்து சேர்வதற்குள் தெருவே தீர்ப்புச் சொல்லி முடித்திருந்தது. கிழக்கு வேலிக்கு அப்பால் இருப்பவள் ஸைனம்பு, நூலுக்குச் சாயம் போடும் கைம்பெண். போன மாதம் வேலிக்காகச் சுஹறாவோடு சண்டை பிடித்தவள். வேறென்ன வேண்டும்? அவள் ஊரைவிட்டே போகவேண்டும் என்றார்கள். தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வந்த சார்ஜனுக்கு இந்த அவசரம் எரிச்சலைக் கிளப்பியது.

“சாயம் கொட்டினீங்களா அக்கா?”

“நானும் இந்தத் தண்ணியத்தான் குடிக்கிறன் ஐயா. சண்டைக்குப் பிறகும் அவ அள்ள விட்டவ. அதில போடுவனா?” என்று அழுதாள் ஸைனம்பு.

அவர் சுஹறாவிடம் திரும்பினார். “போன கிழமை எங்க நிண்டீங்க?”

“சம்மாந்துறையில. தங்கச்சிக்குப் புள்ள கிடைச்ச.”

“வீட்டில ஆர்?”

“இவர்தான்.”

அவள் கணவன் ஷரிபுதீன், நெசவாளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

சார்ஜன் கிணற்றை இறைக்கச் சொன்னார். அடிமணல் தெரிந்ததும் குனிந்து பார்த்தார். கிழக்குப் பக்கம் வெளிறிக் கிடந்தது. மேற்குப் பக்கத்தால் சிவப்பாய்க் கசிந்து ஊறியது.

“மழைத்தண்ணி வயல் பக்கமிருந்து மணலுக்குள்ளால கடலுக்குப் போகுது,” என்றார். “அக்காட வளவு கடல் பக்கம். அவட சாயம் திரும்பி ஏறி இங்க வராது. இது மேற்கால வந்தது. மேற்கால நிக்கிறது உங்கட வாழை. தம்பி, கையைக் காட்டுங்க.”

ஷரிபுதீனின் நகக்கண்ணெல்லாம் சிவப்பு.

“இவ இல்லாத நேரம் நூலுக்குச் சாயம் போட்டன்,” என்றான். “மிச்சத்த வாழைக்குப் பின்னால குழி வெட்டி ஊத்தினன். மணல் குடிச்சிரும் எண்டு நினைச்சன்.”

“ஏன் ஒளிச்சு?”

“சிவப்புச் சாரி ஒண்டு கேட்டவ, கலியாணம் முடிச்ச வரிசம். ஊருக்கெல்லாம் நெய்யிறன், இவக்கு இன்னும் நெய்யல்ல. பெருநாளைக்குத் தெரியாமக் குடுக்க ஆசை.”

“ஊரே அக்காவை ஏசின நேரம் ஏன் பேசாம நிண்டீங்க?”

ஷரிபுதீன் சிவந்த கைகளை மறுபடி பின்னால் கட்டிக்கொண்டான்.

சுஹறாவுக்கு ஆத்திரமும் வந்தது, அவன்மீது அன்பும் பொங்கியது. எதை முதலில் காட்டுவதென்று தெரியாமல் வெறுங்குடத்தை அவன் கையில் திணித்துவிட்டு ஸைனம்புவிடம் போனாள்.

“ராத்தா, மன்னிச்சிருங்க. கிணறு தெளியிற வரைக்கும் ரெண்டு வீட்டுக்கும் இவர்தான் தண்ணி சுமப்பார்.”

ஸைனம்பு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இறைத்து ஊற்றிய சிவப்பைப் பார்த்தாள்.

“இவ்வளவு சாயம் இங்க வந்திருந்தா நூலில என்ன மிஞ்சும்?” என்றாள். “கொண்டா புள்ள. உன்ட சாரிக்கு நான் திரும்பப் போட்டுத் தாறன்.”