நகராத தெப்பம்

தெப்பம் நகரவே இல்லை.

குளத்தின் அந்தக் கரையில் நின்று ஊரே வடத்தை இழுத்தது. தவில் அதிர்ந்தது. இந்தக் கரைப் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே சேற்றில் தட்டிய தெப்பம் மட்டும் நட்டு வைத்ததுபோல நின்றது.

கீழக்குயில்குடியை அடுத்த அந்தச் சின்ன ஊரில் இந்த ஆண்டு மழை குறைவு. குளத்தில் இடுப்பளவுத் தண்ணீர்தான். அதற்கேற்றபடிதான் தமிழ்வாணியின் அப்பா அருள்பாண்டி, நீல பிளாஸ்டிக் டிரம்களை அடுக்கி, மேலே மூங்கில் வைத்துக் கட்டித் தெப்பம் செய்திருந்தார். ஊர் அவரை நம்பிக் கொடுத்த முதல் வேலை இது.

"கட்டுனது சரியில்லப்பா. அடுத்த வருசம் வேற ஆளப் பாக்கணும்," என்று படியில் நின்ற ஒருவர் சொன்னார்.

மேல்படியில் நின்ற சிறுமி தமிழ்வாணிக்கு அது காதில் விழுந்தது. காலையில் வெள்ளோட்டம் விட்டபோது இதே தெப்பம் வாத்து மாதிரி மிதந்து போனதே. அப்போது டிரம்கள் பாதி வெளியே தெரிந்தன. இப்போது தேடினாலும் நீல நிறம் தெரியவில்லை.

அப்பா தண்ணீரில் நின்று தோளால் தெப்பத்தை முட்டிக்கொண்டிருந்தார். அவள் கடைசிப் படிக்கு இறங்கினாள்.

"அப்பா, டிரம் ஒண்ணுமே வெளிய தெரியலையே."

"தெரியும் ஆத்தா," என்று அப்பா குரலைத் தாழ்த்தினார். "அம்மனும் குருக்களும் மட்டும் ஏறுறதுக்குத்தான் கட்டுனேன். ஊர்ப் பெரியவுக அம்புட்டுப் பேரும் ஏறிட்டாக."

உண்மைதான். ஊர்த்தலைவர் மொக்கையன் தலையில் பரிவட்டமும் கழுத்தில் மாலையுமாக நின்றார். அவருடைய மைத்துனர்கள் நின்றார்கள். சீரியல் பல்பு உபயம் செய்த கண்ணுச்சாமி, தன் வீட்டிலிருந்து நாற்காலியே கொண்டுவந்து போட்டிருந்தார். நடுவில் அம்மனுக்கும் ஹாலாஸ்யம் குருக்களுக்கும்தான் இடம் போதவில்லை.

"அவுகள எறங்கச் சொல்லுங்கப்பா."

"நாமளே மாலை போட்டு ஏத்திவிட்டு, எப்படிம்மா எறங்கச் சொல்றது? முகம் சுண்டிப்போகும். திருவிழாவே கெட்டுரும்."

தமிழ்வாணி யோசித்தாள். தேர்த் திருவிழாவில் முதல் ஆளாக வடம் பிடித்த படத்தைத் தலைவர் வீட்டில் பெரிதாக மாட்டியிருந்தார். யார் போனாலும் அதைக் காட்டிவிட்டுத்தான் காபி கொடுப்பார்.

"பெரியப்பா," என்று கூப்பிட்டாள்.

மொக்கையன் குனிந்து பார்த்தார். "என்னாத்தா?"

"தேருக்கு நீங்கதான மொத ஆளா வடம் புடிச்சீக. தெப்பத்துக்குப் புடிக்கலையா?"

மொக்கையன் மீசையைத் தடவினார். அக்கரையைப் பார்த்தார். அங்கே யார் யாரோ வடம் பிடித்திருந்தார்கள். இவ்வளவு நேரம் இது தனக்குத் தோன்றவில்லையே என்று அவருக்கே வருத்தமாகிவிட்டது.

"அருள்பாண்டி, கையக் குடுப்பா," என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

தலைவர் இறங்கிய பிறகு மைத்துனர்கள் மேலே நிற்க முடியுமா? அவர்களும் இறங்கினார்கள்.

"அப்ப நான் மட்டும் இங்க வேடிக்கை பாக்கவா?" என்று கண்ணுச்சாமியும் எழுந்தார். நாற்காலியையும் விடவில்லை, தலையில் கவிழ்த்துக்கொண்டே தண்ணீரில் நடந்தார்.

ஒவ்வொருவர் இறங்கும்போதும் கொஞ்சம் நீலம் எட்டிப் பார்த்தது. கடைசி ஆள் இறங்கியதும் அடியிலிருந்து 'பொளக்' என்று ஒரு சத்தம். யாரும் இழுக்காமலே தெப்பம் லேசாக ஆடியது.

"மெதுவா, மெதுவா. நான் இன்னும் மேலதான் இருக்கேன்," என்று குருக்கள் மூங்கிலைக் கட்டிப் பிடித்தார்.

பெரியவர்கள் கரையைச் சுற்றிப் போய் வடம் பிடித்தார்கள். தெப்பம் காலையில் போனதுபோலவே அழகாக மிதந்து வந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் தமிழ்வாணிக்கு மனசு நிறைந்துபோயிற்று.

ஒரு சுற்று முடிந்தது. முழங்கால் வரை சேற்றோடு நின்ற மொக்கையன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பாத்தீகளா, நான் கை வச்சதும் எப்படி வந்துச்சுன்னு."

பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"அருள்பாண்டி, அடுத்த வருசமும் நீயே கட்டு. ஆனா ஒண்ணு சொல்லிப்புட்டேன். பெரியவுக யாரும் மேல ஏறப்படாது. எல்லாரும் வடத்துக்கு வந்துரணும்."

அப்பா தமிழ்வாணியைப் பார்த்தார்.

"சரிங்க பெரியப்பா," என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடிப்போய் வடத்தின் நுனியைப் பிடித்தாள் அவள்.