செருப்பு நுழையாத தெரு

"குடையை மடக்குங்க... குதிரை மிரளுது..."

ஆக்ஸிலியா சொல்லி முடிப்பதற்குள் அது மிரண்டே விட்டது.

வட்டக்கானலில் இருந்து வெள்ளகவிக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மேகம் நிறைந்த பள்ளம். குதிரையின் முதுகில் அரிசி மூட்டை, அதன்மேல் முட்டைத் தட்டுகள். வளைவில் உட்கார்ந்திருந்த ஒருவன், மழை விழுந்ததும் படக்கென்று விரித்த பெரிய கறுப்புக் குடைதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

"ஏலே, நில்லுலே..." குதிரைக்காரர் வேல்ராஜ் கயிற்றை இழுத்தார். குதிரை நின்றது. முட்டைகள் நிற்கவில்லை.

"கண்ணு எங்கங்க இருக்கு உங்களுக்கு?"

"ரெண்டும் மூஞ்சியிலதாங்க இருக்கு..." என்று நிமிர்ந்தவன், அவளைப் பார்த்ததும் பேச்சை மறந்தான்.

மழைத்துளி கோத்த இமைகள். அதற்குள் கோபத்தில் பளபளக்கும் இரண்டு கண்கள். 'திட்டும்போதே இவ்வளவு அழகா இருந்தா... சிரிச்சா என்ன ஆகுறது?'

"பள்ளிக்கூடத்துப் புள்ளைகளுக்குக் கொண்டு போற முட்டைங்க இது."

"அய்யோ, நீங்கதான் ஆக்ஸிலியா டீச்சரா? நான் ஆக்னல். அய்யம்பாளையம். டிரஸ்ட்டுல இருந்து வர்றேன், உங்களுக்கு உதவியா... இதுக்கு முன்னாடி மலாவியில இருந்தேன். ஆப்பிரிக்கா. அங்கயும் இதே மாதிரி ஒரு சின்னப் புள்ளைக பள்ளிக்கூடந்தான் கட்டினோம்."

"அங்கயும் முட்டைதான் ஒடைச்சீங்களா?"

வேல்ராஜ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆக்னலும் சிரித்தான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. 'திட்டுனா சிரிக்கிற ஆளை என்னதான் செய்றது...'

"நாங்க முன்னால போறோம். நீங்க மெதுவா வாங்க... உங்க குடையோட."

விறுவிறுவென்று இறங்கிவிட்டாள். முதல் தடவை வருகிறவனிடம் சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லாமலே.

ஊர் எல்லையில் ஒரு மரம். வெள்ளகவிக்காரர்கள் அங்கேயே செருப்பைக் கழற்றிவிடுவார்கள். ஊர் முழுக்கக் கோயில், தெருவே சாமி நடக்கிற இடம். குழந்தை முதல் பெரியவர் வரை உள்ளே வெறுங்கால்தான். ஆக்ஸிலியாவும் கழற்றிப் போட்டுவிட்டு நடந்தாள்.

பின்னால் வந்த ஆக்னலுக்கு மூடுபனியில் மரத்தடிச் செருப்புகள் மங்கலாகத் தெரிந்தன. 'பிஞ்சதை எல்லாம் இங்க கொண்டாந்து குமிச்சிருக்காங்க போல...' என்று நினைத்துக்கொண்டு, பூட்ஸ் காலோடு ஊருக்குள் நுழைந்தான்.

முதலில் கண்ணில் பட்டது, பள்ளிக்கூட வாசலில் வெறுங்காலோடு நின்ற குட்டிகள். அவன் முகம் மலர்ந்துவிட்டது. டிரஸ்ட்டில் எல்லாரிடமும் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய ஷூக்கள் அவன் முதுகுப் பையில் இருந்தன. மிதித்தால் விளக்கு எரிகிற ரகம்.

ஆக்ஸிலியா பின்கட்டில், தப்பிய முட்டைகளை வேகவைத்துக்கொண்டிருந்தாள். ஒரே கும்மாளச் சத்தம். எட்டிப் பார்த்தவள் கரண்டியோடு வாசலுக்கு ஓடினாள். சிவப்பும் நீலமுமாய்க் கால்கள் மின்ன, பிள்ளைகள் தெருவெல்லாம் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு குட்டி, நேராகக் கோயில் வாசல் வரைக்கும்.

தெரு அப்படியே அமைதியானது. தாய்மார்கள் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் பிள்ளைகளைத் தூக்கி ஷூவை உருவிப் போட்டார்கள்.

ஊர்ப் பெரியதனக்காரர் பொன்னுச்சாமி வந்தார். அவர் திட்டியிருந்தால்கூட ஆக்ஸிலியா தாங்கியிருப்பாள்.

"டீச்சரம்மா, ஊருக்கு மனசு சரியில்ல. நாளையில இருந்து புள்ளைக வராது. கட்டடத்தை என்ன செய்யன்னு பெறகு பேசிக்கலாம்."

பள்ளிக்கூடம் மூடப்படப் போகிறது... டிரஸ்ட்டு சிமெண்டும் தகரமும்தான் கொடுத்தது. இடம் இந்த ஊருடையது. ஒவ்வொரு மூட்டையையும் தலையில் வைத்து இறக்கியவர்கள் இந்த மனிதர்கள். சுவரைத் தொடும்போதெல்லாம் அவர்களுக்கு மனதுக்குள் நன்றி சொல்வது அவள் வழக்கம்.

"டீச்சர்... நான் தெரியாம..."

"உங்களுக்கு நல்ல பேரு வாங்கணும், புள்ளைக சிரிக்கிறதப் பாக்கணும். அதுக்குத்தான இத்தன தூரம் தூக்கியாந்தீங்க? பாத்தாச்சுல்ல. கெளம்புங்க."

அவன் கிளம்பவில்லை. வேல்ராஜ் வீட்டில் தங்கினான்.

மறுநாள் வெள்ளனே அவள் பள்ளிக்கூடத்தைத் திறந்தாள். வெறும் பாய்கள் கிடந்தன. வெளியே தண்ணீர்ச் சத்தம். தெருவை மஞ்சள் நீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஊர் ஆண்களுக்கு நடுவில் ஆக்னல், வெறுங்காலோடு, ஓடையில் இருந்து குடம் குடமாகச் சுமந்துகொண்டு. யாரும் அவனைக் கூப்பிடவில்லை. யாரும் போகச் சொல்லவுமில்லை.

வாசலைக் கடக்கும்போது பார்த்தாள். கணுக்காலில் ரத்தம்.

"நில்லுங்க."

"பரவாயில்லைங்க, கல்லு..."

"கல்லு இல்ல, அட்டை. குடத்தை எறக்கிட்டு உக்காருங்க."

உப்பை எடுத்துவந்து குனிந்து வைத்தாள். அட்டை சுருண்டு விழுந்தது. ஒன்று, அப்புறம் இன்னொன்று. அவன் அசையவே இல்லை. மூச்சுகூட விட்டானா தெரியவில்லை.

"வலிக்குதா?"

"நேத்து நீங்க பேசுனதுதான் வலிச்சுச்சு. இது ஒண்ணுமில்ல."

நிமிர்ந்தாள். அந்தக் கண்களில் குறும்பு இல்லை. ராத்திரி முழுக்கத் தூங்காத சிவப்பு மட்டும்.

"பாதித் தப்பு என்னோடதுங்க. செருப்பைக் கழட்டணும்னு நாந்தான் சொல்லிருக்கணும். முட்டைக் கோவத்துல..." உப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

தெரு கழுவி முடிந்ததும், ஆக்னல் ஈரக் கையோடு பொன்னுச்சாமி முன்னால் போய் நின்றான். ஊர் கூடிவிட்டது.

"ஐயா, மலாவியில ஒரு பூச்சி இருக்கு. கால் வெரலுக்குள்ள பூந்துரும். புள்ளைக நொண்டும், பள்ளிக்கூடம் வராது. அங்க ஷூ குடுத்தோம், ஓடி வந்துச்சுக. வெறுங்காலைப் பாத்ததும் எனக்கு அந்த நெனப்புதான் வந்துச்சு. உங்கள ஒரு வார்த்தை கேக்கல. அதான் தப்பு... மன்னிச்சுக்கங்க. இப்பக் கேக்குறேன். பள்ளிக்கூடத்துக்கு என்ன வேணும்?"

பொன்னுச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"மேல இருந்து வர்றவுக யாரும் எங்ககிட்ட இப்படிக் கேட்டதில்ல தம்பி. கேட்டதால கேக்குறேன். டிரஸ்ட்டு நாளைக்குக் கைய விரிச்சுட்டா பள்ளிக்கூடம் நின்னுருமா?"

"மலாவியில நிக்கலைங்க. டிரஸ்ட்டு கூரையோட நிறுத்திக்கிருச்சு. பொம்பளையாளுக மொறை வச்சு, அவங்க வீட்டு மக்காச்சோள மாவுலயே கஞ்சி காய்ச்சி ஊத்துறாங்க. அந்தக் கஞ்சியிலதான் அது நடக்குது."

கூட்டத்தில் இருந்து சுகன்யா என்கிற ஒரு தாய் இடுப்பில் கைவைத்து முன்னால் வந்தாள். "ஏன், எங்களுக்கு ஆக்கத் தெரியாதா? திங்கக்கிழம எங்க வீட்டுல ஆக்குறோம்."

"செவ்வாக்கிழம நாங்க" என்றது இன்னொரு குரல். "அவுக சாம்பாரு தண்ணியாட்டம் இருக்கும், நான் மொதல்ல ஆக்குறேன்" என்றது மூன்றாவது. சிரிப்பு வெடித்தது.

பொன்னுச்சாமியும் சிரித்துவிட்டார். "டீச்சரம்மா, அழுகாதீக. கதவைத் தொறந்து வைங்க. புள்ளைக வரும்."

அவள் அழுதுகொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கும்பிட்டாள்.

கதவருகே அவள் பாய்களை உதறி விரிக்க, அவன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். மறுபடி மழை. தகரக் கூரை மேல் சடசடவென்று...

"மலாவிக்கு எப்பத் திரும்பிப் போவீங்க?" பாயைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"கூப்பிட்டாங்க. போகல. அங்க என்னைய யாரும் தேட மாட்டாங்க... அவங்களே நடத்துறாங்க. நெனைச்சா சந்தோசமா இருக்கு."

"இங்கயும் இனிமே ஊரே நடத்திக்கிரும். பள்ளிக்கூடம் உங்களத் தேடாதே..."

"பள்ளிக்கூடத்தை விடுங்க." பாயின் மறுமுனையில் அவன் குரல் தணிந்தது. "டீச்சரு?"

அவள் பாயின் ஓரத்தை நீவிவிட்டாள். மழைக்குளிரிலும் காது மடல் சிவந்திருந்தது.

"கேக்காம எதையும் குடுக்கக் கூடாதுன்னு இந்த ஊருல படிச்சுக்கிட்டேன். அதனால கேக்குறேன். நேத்து அந்த வளைவுல, நீங்க திட்டும்போதே மனசுல ஒண்ணு வந்துருச்சு... உங்களுக்குத்தான். குடுக்கட்டுமா? வேணாம்னா சொல்லிருங்க, அப்படியே மேல ஏறிப் போயிர்றேன்."

தெருவில் பிள்ளைகளின் வெறுங்கால்கள் தண்ணீரில் தப்தப்பென்று ஓடிவரும் சத்தம்.

ஆக்ஸிலியா நிமிர்ந்து, முதல் தடவையாக அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"வெரசாக் குடுங்க... புள்ளைக வந்துருச்சுக."