கிரிஜா பேரில் ஒரு கனெக்‌ஷன்

மோடத்துக்கு எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தால் வேகம் இல்லை. இரண்டு சுவர்களுக்கு அப்பால், எட்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கும் படுக்கையறைக் கதவருகே போய் நின்றால் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. சீதாராமன் மொபைலைக் கையில் ஏந்திக்கொண்டு ஹாலுக்கும் கதவுக்குமாக நடையாய் நடந்து பார்த்துவிட்டான். ஹாலில் வேகம் காட்டும் முள் எழுந்திருக்கவே மனசில்லாமல் படுத்துக் கிடந்தது. கதவை நெருங்க நெருங்க மேலே ஏறிற்று. ஊர் உலகத்தில் எந்த வைஃபையும் இப்படி நடந்துகொள்ளாது. சுவரைத் தாண்டினால் சிக்னல் இளைக்கும் என்பார்கள். இங்கே என்னடாவென்றால் சுவரைத் தாண்டித்தான் கொழுக்கிறது.

புது கனெக்‌ஷன் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அவனுக்கு இது படம் பார்க்கிற விவகாரமாக இருந்திருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டுப் படுத்திருப்பான். மனைவி கிரிஜா போன பிறகு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று பேகம்பேட் ஆபீஸில் கெஞ்சிக் கூத்தாடி, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கியிருந்தான். பழைய கனெக்‌ஷன் மீட்டிங்குக்கு மீட்டிங் காலை வாரியது. இன்னொரு தடவை லைன் போனால் தினமும் ஆபீஸ் வரவேண்டியதுதான் என்று மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அப்படி ஆனால் மகள் நீலாவைத் திருநெல்வேலியில் இருக்கும் பெரியம்மா கல்பகத்திடம் அனுப்ப வேண்டும். கல்பகம் நல்லவள்தான், கேட்டும் விட்டாள். ஆனால் அந்த ஏழு வயதுப் பிள்ளையும் போய்விட்டால் அவனுக்கென்று என்ன மிச்சம்? அதனால்தான் அவன் கனெக்‌ஷனை மாற்றினான். அதனால்தான் அந்தக் காரியத்தையும் செய்தான்.

செகந்திராபாத்தில் அவர்கள் அபார்ட்மென்டில் இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. இலவச மோடம், இலவச மாதங்கள், பாதி விலை எல்லாம் புது வாடிக்கையாளருக்கு மட்டும்தான். ஒரு வருஷம் ஆனால் நீங்கள் பழைய ஆள். விலை ஏறும், மரியாதை இறங்கும். எனவே கணவன் பேரில் இருப்பதை நிறுத்திவிட்டு மனைவி பேரில் எடுப்பார்கள், பிறகு மாமனார் பேரில், பிறகு மச்சினன் பேரில். வீட்டில் இருக்கும் பெயர்கள் எல்லாம் ஒரு சுற்று வந்து முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. யாரும் இதைத் தப்பாக நினைத்ததில்லை. சீதாராமன் பெயர் அந்தக் கம்பெனியில் ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்தது.

"கைக்கு டென்ஷன், எதுக்குப்பா டென்ஷன்? வீட்டம்மா பேர்ல எடுத்துடு" என்றார் எதிர்வீட்டு நடேசன், லிஃப்டுக்குக் காத்திருந்தபோது. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மாஃப் கரோ பா. பழக்க தோஷம், வாயில வந்துடுச்சு."

பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வந்தாலும் அந்தப் பேச்சு அவன் மண்டையிலேயே உட்கார்ந்துவிட்டது. கிரிஜாவின் நம்பர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மாதாமாதம் அதற்கு ரீசார்ஜ் செய்துவந்தான். அதை விட்டுவிட்டால் கம்பெனிக்காரன் அந்த நம்பரை வேறு எவருக்காவது கொடுத்துவிடுவான், கூப்பிட்டால் எவனோ ஒருவன் ஹலோ என்பான், அதைத் தாங்க முடியாது என்று நினைத்தான். படுக்கையறைப் பீரோவில் இருந்த ஃபோனை எடுத்து அவள் பேரில் எல்லாவற்றையும் முடித்து, திரும்ப வைத்துக் கதவைப் பூட்டினான். அன்று மாலையே கம்பெனியிலிருந்து ஒரு பெண் அவன் நம்பருக்குக் கூப்பிட்டாள்.

"கிரிஜா மேடம் வீட்ல இருக்காங்களா சார்? வெரிஃபிகேஷன் கால்."

"வீட்லதான் இருக்கா. குளிச்சிட்டிருக்கா."

யோசிக்காமல் வந்துவிட்டது. எத்தனையோ வருஷம் எத்தனையோ பேரிடம் சாதாரணமாகச் சொன்ன வாக்கியம் அது. ஒரு நிமிஷம் அது உண்மைபோலவே இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், இனித்தது.

அன்றிலிருந்துதான் வேகம் இப்படி.

கம்பெனி அனுப்பிய டெக்னீஷியன் வினய் தெலுங்குப் பையன், சென்னையில் கொஞ்ச நாள் வேலை பார்த்ததால் தமிழ் ஓரளவு வந்தது. வந்ததும் சுறுசுறுப்பாக ஃபைபர் ஒயரைக் கழற்றி வெளிச்சத்தை அளந்தான், இணைப்பு ஒயரை மாற்றினான், மோடத்தை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி வைத்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மொபைலில் எதையோ பார்த்துவிட்டு நெற்றியைச் சொறிந்தான்.

"லைன் பர்ஃபெக்ட் சார். உள்ளே வர்றது ஏமி தப்பு இல்ல. வெளிய போறதுதான் ஜாஸ்தி. உள் ரூம்ல யாரோ வீடியோ கால்ல இருக்காங்க, கட்டே பண்றதில்ல. அதான் மத்தவங்களுக்கு மிச்சம் இல்ல."

"உள்ள யாரும் இல்லப்பா."

"ஒரு தடவை பாக்கட்டுமா?"

"நக்கோ. அந்த ரூம் வேண்டாம்."

அவன் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலும். வினய் தலையை ஆட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டான். வாசல்வரை போனவன், புகாரை முடித்து வைக்க மேடம் ஃபோனுக்கு ஒரு ஓடிபி வரும், அதைச் சொல்ல வேண்டும் என்றான். ஃபோன் பீரோவில் இருக்கிறது, இவன் எதிரில் கதவைத் திறக்க வேண்டாம் என்று சீதாராமன் தயங்கி நின்றான். வினய்யின் மொபைல் அடித்தது. எடுத்துக் கேட்டான், சரிங்க மேடம் என்றான், வைத்தான்.

"மேடம் சொல்லிட்டாங்க சார். க்ளோஸ் பண்ணிட்டேன்." செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தான். "பின்னாடி தண்ணி சத்தம், சரியா கேக்கல. ரெண்டு தடவை சொன்னாங்க பாவம்."

அவன் படியிறங்கிப் போன பிறகும் சீதாராமன் வாசலிலேயே நின்றான். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பத் துணிவில்லை. திரும்பினால் ஹால், ஹாலுக்கு அப்பால் அந்தக் கதவு. யாரோ விளையாடுகிறார்கள், நம்பர் மாறி யாரோ பேசியிருக்கிறார்கள், கம்பெனியில் இதெல்லாம் சகஜம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

மறுநாள் மத்தியானத்திலிருந்தே மழை பிடித்துக்கொண்டது. சனத்நகர் பக்கம் மேகம் கருத்துக்கொண்டு வந்து, விளக்கு வைப்பதற்கு முன்பே வீடு இருண்டுவிட்டது. ஜன்னல் தகரத்தில் மழை தடதடவென்று விழும் சத்தத்துக்கு அடியில், அவன் காதைத் தீட்டிக்கொண்டால் மட்டும் கேட்கிற மாதிரி, வாளியில் தண்ணீர் நிரம்பும் சத்தம் இன்னொன்று இருந்தது; பக்கத்து வீட்டுக் குழாயாக இருக்கும் என்று அவன் நினைத்து முடிப்பதற்குள், எங்கிருந்தோ சந்தன சோப்பு வாடை மெல்ல வந்து மூக்கில் ஏறி, தொண்டையில் இறங்கி, அங்கேயே நின்றது. அந்தச் சோப்பை அவன் வாங்கியே எட்டு மாதம் ஆகிறது. லாப்டாப்பை எடுத்துவைத்துக்கொண்டு வெளிநாட்டுக் கிளையன்ட்டோடு மீட்டிங்குக்குத் தயாராக உட்கார்ந்தவன், நீலா எங்கே என்று பார்க்க எழுந்தான்.

நீலா படுக்கையறைக் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் டேப்லட். அதன் வெளிச்சம் கன்னத்தில் நீலமாக விழுந்திருந்தது.

"நீலா, இங்க என்ன பண்றே? ஹாலுக்கு வா."

செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழில் கேட்டால் ஹிந்தியிலோ இங்கிலீஷிலோதான் பதில் வரும். அம்மா போன பிறகு அந்தப் பதிலும் குறைந்து, ஆமாமுக்கு ஹவ், இல்லைக்கு நோ என்று ஒற்றை வார்த்தையாகச் சுருங்கிவிட்டது. இப்போது நிமிர்ந்து பார்த்து வாய் நிறையப் பேசினாள்.

"இங்ஙன இருந்தாதாம்ப்பா நல்லா வருது. அங்ஙன ஒண்ணும் தெரிய மாட்டேங்கு."

சீதாராமன் எடுத்த அடியை வைக்காமல் நின்றான். அவன் வீட்டில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். அது கிரிஜாவின் பேச்சு. திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்து, பத்து வருஷம் ஹைதராபாத்தில் இருந்தும் மாறாத பேச்சு.

"யாருகிட்டடா பேசிட்டிருந்தே?"

"முகம் நல்லா தெரியுதாம்" என்றாள் நீலா. மறுபடி குனிந்துகொண்டாள்.

அவன் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டான். கிரிஜாவுக்கு டெங்கு. ஐசியுவுக்குள் குழந்தைகளை விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அன்றும் இப்படித்தான் மழை, மொபைல் டேட்டா சுத்தமாக இல்லை, வீட்டில் அந்தத் தரித்திரம் பிடித்த நெட் ஒன்றுதான். நர்ஸ் அங்கே ஃபோனைப் பிடித்துக்கொள்ள, இங்கே நீலாவை மடியில் வைத்துக்கொண்டு அவன் வீடியோ காலில் காத்திருந்தான். படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. குரல் மட்டும் வந்தது. தெரியலியே, பிள்ள முகம் தெரியலியே என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மோடத்தை அணைத்துத் திரும்பப் போட்டான். லைன் வந்தபோது அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. அதை நினைக்காமல் அவன் ஒரு நாளும் தூங்கியதில்லை. பாவி, இன்னும் கொஞ்சம் நல்ல பிளானாகப் போட்டிருந்தால் அவள் பார்த்துவிட்டுப் போயிருப்பாளே.

நீலாவைத் தூக்கிக்கொண்டு வந்து சோபாவில் உட்கார வைத்தான். மீட்டிங்கில் நுழைந்தான். மேனேஜர் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். திறந்த வாயோடு அப்படியே நின்றுவிட்டார். லாப்டாப்பில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. மோடத்தைப் பார்த்தால் எல்லா விளக்கும் பச்சை. போயிற்று, எல்லாம் போயிற்று. மொபைலில் கம்பெனிக்குக் கூப்பிட்டான். எடுத்தது வெரிஃபிகேஷனுக்குக் கூப்பிட்ட அதே பெண்.

"கனெக்‌ஷனை நிறுத்தணும். இப்பவே."

"மேடம்கிட்ட ஃபோனைக் குடுங்க சார். அவங்க பேர்லதான் இருக்கு."

"அவ இல்ல."

"எப்ப வருவாங்க சார்?"

"வரமாட்டா. செத்துட்டா." அந்த வார்த்தையை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. போயிட்டா, தவறிட்டா என்றுதான் சொல்லிவந்தான். "எட்டு மாசம் ஆச்சும்மா. நான் பொய் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"சார், மேடம் காலையில பேசினாங்களே. ஷிஃப்டிங் போட்டிருக்காங்க."

"என்ன ஷிஃப்டிங்?"

"வீடு மாறினா கனெக்‌ஷனையும் கூட மாத்தித் தருவோம் சார். அவங்களும் பொண்ணும் மாறிப் போறாங்களாம். இன்னிக்கு சாயங்காலமே."

"எங்க?"

"அட்ரஸ் தரலை சார்."

ஃபோனை எறிந்தான். மோடத்தின் மஞ்சள் ஒயரைப் பிடுங்கினான். பிளக்கைப் பிடுங்கினான். பச்சை விளக்குகள் அணையவில்லை. சோபாவில் டேப்லட் மட்டும் கிடந்தது.

நீலா இல்லை.

படுக்கையறைச் சாவி அவன் சட்டைப் பையில்தான் இருந்தது. தொட்டுப் பார்த்தான். இருந்தது. ஆனாலும் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. எட்டு மாதமாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. பிள்ளை வயிறு குலுங்கச் சிரித்தாள். அதைக் கேட்டதும் அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பயத்திலா, சந்தோஷத்திலா, அவனுக்கே தெரியவில்லை. எத்தனை நாள் ஏங்கினான் இந்தச் சத்தத்துக்கு.

கதவு விரியத் திறந்திருந்தது.

கட்டிலின் விளிம்புக்கு முதுகைக் காட்டியபடி நீலா தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் தலைமுடி மூன்றாகப் பிரிந்தது. ஒன்றின்மேல் ஒன்று ஏறியது. இழுத்தது. இறுகியது. மறுபடி ஏறியது. கட்டிலில் யாரும் இல்லை. மெத்தை மட்டும் ஓர் ஆள் கனத்துக்குக் குழிந்திருந்தது.

"நீலா."

பின்னல் முடிந்தது. ரிப்பன் தானே முடிச்சுப் போட்டுக்கொண்டது. மெத்தை மெல்ல எழும்பிச் சமமானது. நீலா எழுந்தாள். வலது கையை மேலே நீட்டினாள், ரோட்டைக் கடக்கப் பெரியவர்கள் கையைப் பிடிப்பதுபோல. அந்தச் சின்ன விரல்கள் காற்றில் ஒன்றோடொன்று நெருங்கி, அழுந்தி, வெளுத்தன.

அவள் நடந்தாள். கதவுப் பக்கம் இல்லை. எதிர்ச்சுவரை நோக்கி.

சீதாராமன் ஓடினான். இடது கையைப் பிடித்தான். அது சில்லென்று இருந்தது.

"விடுடி" என்றான். "கிரிஜா, விட்டுடுடி. எனக்கு இவளை விட்டா யாரு இருக்கா?"

அவன் பிடியைத் தளர்த்தவில்லை. அந்தப் பக்கமும் தளரவில்லை. நடுவில் நீலா, புதுப் பின்னல் தோளில் புரள, இரண்டு கைகளும் விறைத்து நீள, ஒரு முறை அவனையும் ஒரு முறை அந்தப் பக்கம் மேலேயும் மாறி மாறி அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.