தண்ணீரை முந்திய குரல்

"ஐயோ... யாருங்க உங்களைத் தண்ணி ஊத்தச் சொன்னது?"

கும்மிடிப்பூண்டி பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. காலி பாட்டிலும் கையுமாக நின்ற தாவீதுக்கு அந்த மே மாத வெயிலிலும் உடம்பு சில்லிட்டது. இரும்பு ரோலிங் மில்லில் காலை ஷிப்ட் முடித்து, கவரைப்பேட்டைக்கு ரயில் ஏற வந்தவன் அவன். வந்த இடத்தில், நிழலே இல்லாத பெஞ்சின் மேல் ஒரு பிளாஸ்டிக் தட்டு நிறைய நெல் நாற்று வதங்கிக் கிடந்தது. மில்லில் உலைப் பக்கம் யாராவது சூடு தாங்காமல் சாய்ந்தால் முதலில் தலையில் தண்ணீர், அப்புறம்தான் பேச்சு. பழகிய கை... சும்மா இருக்குமா? பாட்டிலைக் கவிழ்த்துவிட்டது.

எதிரே நின்றவளை நிமிர்ந்து பார்த்தான். கோபத்தில் விரிந்த கண்கள்... இத்தனை பெரிய கண்கள் இந்த ஸ்டேஷனில் இதுவரை எங்கே இருந்தன?

"வாடிப்போச்சேன்னுதாங்க ஊத்துனேன்..."

"வாடட்டும்னுதான் வெச்சேன்!" மண்ணில் செருகியிருந்த தெர்மாமீட்டரை வெடுக்கென்று பிடுங்கினாள். "நாளைக்கு லேப்ல இதுங்களைக் கடுஞ்சூட்டுல வெச்சுப் பாக்கணும். அதுக்கு முன்னாடி இன்னிக்கு மிதமா சூடு காட்டணும். ஒரு மணி நேரமா காவல் காத்துக்கினு இருந்தேன். டிக்கெட் வாங்கிக்கினு வர்றதுக்குள்ள... எல்லாம் போச்சு. இனிமே விதை கூட இல்ல எங்கிட்ட."

"கடுஞ்சூட்டுல போடுறதுக்கு முன்னாடி வேற ஒரு வாட்டு வாட்டணுமா? இன்னா படிப்புங்க இது?"

"உங்களுக்கு இதெல்லாம் புரியாது."

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. பிளஸ் டூவோடு படிப்பு நின்றவனுக்கு அது தைக்காமல் என்ன செய்யும்? "ஆமாங்க... எங்களுக்கு இரும்பு மட்டுந்தான் புரியும்" என்று சொல்லிவிட்டு வேறு பெட்டியில் போய் ஏறிக்கொண்டான். இறங்கப் போவது அடுத்த ஸ்டேஷனில். அதற்குள் எட்டி எட்டி அவள் பெட்டியைப் பார்த்தது யார் என்று கேட்காதீர்கள்.

வாரம் முழுக்க ஒரே வைராக்கியம். அந்த பெஞ்சைப் பார்க்கவே கூடாது! ஆனால் பார்க்கக் கூடாத பெஞ்சு எது என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டாமா? தினமும் பார்த்தான். தன்னால் ஒரு பெண்ணின் படிப்பு பாழாகிவிட்டதோ என்ற நினைப்பு சோற்றைக் கூட இறங்கவிடவில்லை.

அடுத்த ஞாயிறு பெஞ்சு காலியாக இல்லை.

"பயப்படாதீங்க. இன்னிக்குப் பாட்டில் இல்லைங்க" என்றான் விறைப்பாக.

அவள் சிரித்துவிட்டாள். பக்கத்தில் இரண்டு தட்டுகள். ஒன்றில் நாற்று வைக்கோலாய்க் காய்ந்திருந்தது. இன்னொன்றில் பச்சைப் பசேலென்று நிமிர்ந்து நின்றது.

"உங்களுக்குக் காட்டத்தான் எடுத்துக்கினு வந்தேன். ரெண்டும் ஒரே விதை. ரெண்டும் லேப்ல ஒரே கடுஞ்சூட்டுல இருந்துச்சு. காய்ஞ்சது, முன்னாடி வெயிலே படாம லேப்லயே வளந்தது. பச்சையா நிக்குதே... அதுலதான் நீங்க தண்ணி ஊத்துனீங்க."

"அதெப்படிங்க?"

"இலைக்குள்ள ஒவ்வொரு செல்லுக்கும் தோல் மாதிரி ஒண்ணு இருக்கு. சூடு பட்டதும் அதுல கதவு தொறந்து கால்சியம் உள்ள வரும். ஒரு புரதம் அதைப் புடிச்சுக்கினு அடுத்த புரதத்தை எழுப்பும். அது அதுக்கடுத்ததை... இப்பிடியே சேதி மரபணு வரைக்கும் போயிடும். உடனே காவல் புரதங்க தயாராகும். அடுத்து கடுஞ்சூடு வந்தா, மத்த புரதமெல்லாம் சுருண்டு போவாம தாங்கிப் புடிச்சுக்கும்."

தாவீதுக்குச் சட்டென்று மில் நினைவுக்கு வந்தது. மில்லில் உலைக் கதவு திறந்ததும் முதல் ஆள் 'உஷாரு!' என்று குரல் கொடுப்பான். குரல் ஆளுக்கு ஆள் ஓடும். பழுக்கக் காய்ந்த கம்பி வந்து சேரும்போது கடைசி ஆள் வரை இடுக்கியோடு தயாராக நிற்பான். அதை அவளிடம் சொன்னான்.

"அப்போ... இத்தினியூண்டு இலைக்குள்ளயும் குரல் குடுக்க ஆள் இருக்குதா?"

விரல் நுனியால் ஓர் இலையைத் தொட்டான். வெயிலைக் கண்டு ஓட ஒரு கால் இல்லை... கத்த ஒரு வாய் இல்லை... நின்ற இடத்தில் நின்றபடி, சத்தமே இல்லாமல், உள்ளே இவ்வளவு வேலையா? தினமும் ரயிலில் கடந்து போகும் வயல்களை நினைத்தான். அத்தனை இலையிலும் இந்தக் குரல் ஓடுகிறதா? அவனையும் அறியாமல் கண் கலங்கியது.

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எளாவூர்ல எங்க நைனா போட்ட நெல்லு, பூக்கற நேரத்து வெயில்ல பதராப் போச்சு. அன்னிக்குப் புடிச்ச பைத்தியம் இது. இதைக் கேட்டு யாரும் கண் கலங்கினதில்லைங்க. புரியாதுன்னு சொன்னேனே... மன்னிச்சிடுங்க. எம் பேரு மோனிகா."

"தாவீதுங்க." தயங்கினான். "நான் ஊத்துன தண்ணி... அந்தச் சேதிய அணைக்கலையா?"

"அதுக்கு முன்னாடியே குரல் போய்ச் சேந்துடுச்சே!"

ரயில் வந்து நின்றது. இப்போது விட்டால் இனி எப்போதுமில்லை என்று தோன்றியது அவனுக்கு.

"எனக்கும் அப்பிடித்தாங்க... அன்னிக்குப் புரியாதுன்னு சொல்லி எம் மேல நீங்களும் தண்ணிய ஊத்துனீங்க. ஆனா... அதுக்கு முன்னாடியே உங்க கண்ணைப் பாத்துட்டேன்."

மோனிகா காய்ந்த தட்டை எடுத்துக்கொண்டாள். பச்சைத் தட்டை அவன் கையில் வைத்துவிட்டுப் பெட்டியில் ஏறினாள். கதவோரம் நின்று, அவனுக்கு மட்டும் கேட்கும்படி மெல்ல, "உஷாரு..." என்றாள்.

"எதுக்குங்க?"

"சொல்லப் போறேன்ல... தட்டைக் கீழ போட்டுடாதீங்க." காது வரை சிவந்திருந்தாள். "எனக்கும் உங்களைப் புடிச்சிருக்கு."