ஹெலெத் போன சவப் பாதை

மழையே பெய்யாத மத்தியானத்தில் அந்தச் சந்து முழுக்க நனைந்த கம்பளியின் வாடை அடித்தது. மாவு மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு ஹெலெத் நின்றாள். பின்னால் கல் பாலம், முன்னால் இடிந்த சுண்ணாம்புச் சூளை, இருபுறமும் கற்சுவர். நந்தகாரெக் ஊரின் பதினோரு வீடுகளிலும் இருநூறு வருஷமாகச் செத்தவர்கள் எல்லோரும் இந்த வழியாகத்தான் மேட்டுத் தேவாலயத்துக்குப் போனார்கள்.

சற்றுமுன் பாலத்தில் தச்சன் யோலோ சீண்டியிருந்தான்.

"என்ன ஹெலெத், ஒங்க அக்கா மறுபடி எந்திரிச்சு உக்காந்துட்டாளாமே? பெட்டிக்குப் பலகை அறுத்தது வீணாப் போச்சு!"

"பத்திரமா வையிண்ணே. ஒனக்கே ஆகும்."

வலிப்பு வந்தால் அக்கா லொவ்ரி கட்டையாகிவிடுவாள். மூச்சே தெரியாது. மறுநாள் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்பாள். ஒன்பது வருஷமாக ஹெலெத்தான் ஊட்டினாள்.

யாரோ விலாவில் இடித்தார்கள். திரும்பினால் யாருமில்லை. ஈரக் கம்பளியின் உரசல், கற்பூர நெடி, ஆணி அடித்த பூட்சுகள் கல்லில் தேயும் ஓசை, பாரம் சுமப்பவர்களின் இரைப்பு எல்லாமாகச் சுவருக்குச் சுவர் நிரம்பி, அவளை நடுவில் நெருக்கி, கால் தரையில் பாவாமல் மேட்டை நோக்கித் தள்ளிக்கொண்டு போயின. மூட்டை எங்கோ விழுந்தது. சுவரைப் பிடிக்கக் கை நீட்டினாள். எட்டவில்லை.

வரப்போகும் சவ ஊர்வலம் ஒருதரம் முன்கூட்டியே நடந்து பார்க்கும் என்பார்கள் ஊரில்.

யாருடையது?

டொக்.

காதுக்குப் பக்கத்தில். சவப்பெட்டிப் பலகைக்கு உள்ளிருந்து.

டொக். டொக்.

"ஐயய்யோ, தட்டுறா!" யோலோவின் குரல். "எறக்குங்கப்பா, தெறந்துரலாம்."

பூட்சுகள் நின்றன.

"எறக்காதீங்க." ஒரு பெண் குரல். பதறாத, களைத்த குரல். "பாடுங்க. நல்லாச் சத்தமாப் பாடுங்க."

அது அவளுடைய சொந்தக் குரல்.

பிறகு ஊரே பாடியது. தட்டல் வேகமாக ஆக, பாட்டும் உயர்ந்தது. மண் விழுந்தது. கட்டி கட்டியாக.

சட்டென்று நெருக்கம் விலகியது. கல்லறைத் தோட்டத்து யூ மரத்தடியில் ஹெலெத் தனியாக நின்றாள். வெயில். தோண்டப்படாத பச்சைப் புல். அவளுடைய பாதத்துக்கு நேர் கீழே தட்டல் மட்டும் நிற்கவில்லை. பிறகு நகம் கீறும் சத்தம். பிறகு, மண்ணுக்கடியிலிருந்து, "ஹெலெத்... கண்ணு..."

அக்கா இப்போது வீட்டில் உயிரோடு இருக்கிறாள். ஓடிப்போய் ஊரை எச்சரிக்கலாம்.

சுற்றிலும் பார்த்தாள். யாருமில்லை.

மெதுவாக அந்தப் பாட்டின் முதல் அடியைத் தொடங்கினாள். பிறகு, இன்னும் சத்தமாக.